துட்டு, காசு, சில்லறை: மைக்ரோபேமென்டுக்கு எது?

பெங்களூர் அல்சூரிலிருந்து:
வெள்ளி மாலைக்குள் ஒரு செயலியின் தமிழாக்கத்தை ஒப்படைக்க வேண்டும். 'மைக்ரோபேமென்ட்' மட்டும் பாக்கி. ஐந்து, பத்து ரூபாய் அனுப்புவதுதான். 'சில்லறைச் செலுத்துகை' என்று போட்டேன். வங்கியில் இருப்பவர்கள் அதை ரீடெயில் என்று புரிந்துகொள்கிறார்கள், சில்லறை வணிகம் என்பது போல. 'துட்டுச் செலுத்துகை' சரியா?

ஜெயநகரிலிருந்து:
வேண்டாம் ஐயா. துட்டு டச்சுக்காரர்களின் 'டொய்ட்' செப்புக்காசு. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்ததன் மிச்சம். நம்மிடம் காசு இருக்கிறது. ஆங்கிலத்தின் 'கேஷ்' அதிலிருந்து போனதுதானே! 'நுண்காசு' என்று வையுங்கள்.

மல்லேசுவரத்திலிருந்து:
பாதிதான் சரி. 'கேஷ்' இரண்டு உண்டு. சீனத்துச் செப்புக்காசுக்கு ஆங்கிலேயர் சொன்ன கேஷ், நம் காசு போர்த்துகீசியர் வாய்வழி போனது. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ் பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. துட்டை ஏன் விரட்ட வேண்டும்? நோட் நோட்டானது போல டொய்ட் துட்டானது. அந்நிய ஒலியின் சுவடே இல்லை. மலாய்க்காரர்களும் பணத்தை 'டுயிட்' என்கிறார்கள். பிற நிலத்திலிருந்து வந்து தமிழில் கலந்த திசைச்சொல்லாக ஏற்றுக்கொள்ளலாம்.

ஜெயநகரிலிருந்து:
தொல்காப்பியர் சொன்னது செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலம். ஆம்ஸ்டர்டாம் அதில் எங்கே?

மல்லேசுவரத்திலிருந்து:
நன்னூலார் பிற மொழி நிலங்களையும் சேர்த்துக்கொண்டாரே. இலக்கணமே இடம் விட்டுத்தான் வந்திருக்கிறது.

அல்சூரிலிருந்து:
இன்று காலை சந்தையில் பூக்கார அம்மா, எனக்கு முன்னால் நின்றவரிடம் கன்னடத்தில் "துட்டு கொடி" என்றார். அந்தக் கையோடே என்னிடம், "காசு குடுப்பா, சில்லறையா இருந்தா நல்லது." மூன்று சொல்லும் ஒரு முழம் மல்லிகைக்குள் வந்துவிட்டன. அங்கேதான் எனக்குப் புரிந்தது: துட்டு இப்போது சிறு காசு இல்லை, மொத்தப் பணமும் அதுதான். நம் ஊரிலும் "துட்டுக்காரன்" என்றால் வசதியானவன். டொய்ட்டின் சிறுமை சொல்லில் தங்கவில்லை. துட்டு எனக்குப் பிடித்த சொல். இருந்தும் இங்கே பொருந்தாது என்று மனசில்லாமல் விடுகிறேன். 'நுண்காசு' கிரிப்டோ நாணயம் போலக் கேட்கிறது. 'சிறுதொகைச் செலுத்துகை' என்று அனுப்பட்டுமா? பொத்தானில் 'சிறுதொகை' மட்டும்.

மல்லேசுவரத்திலிருந்து:
அனுப்புங்கள். படித்ததும் விளங்குகிறது.

கோரமங்களாவிலிருந்து:
எனக்கும் சம்மதம். அப்புறம், 'வாலட்' என்ற இடத்தில் 'சுருக்குப்பை' வைக்க முடியுமா?

ஜெயநகரிலிருந்து:
பெரும்பான்மை அதுவென்றால் சரி. ஆனால் தொகை என்பது கூட்டி வருவது. ஐந்து ரூபாயில் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது? காசு காசுதான். அடுத்த பதிப்பில் மீண்டும் கேட்பேன்.