அம்மாவின் மாத்திரையில் ஓர் 'எச்'

போன சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று, செல்லூரில் எங்கள் தெரு நீர்மோர்ப் பந்தலில் அம்மா காலையிலிருந்து மதியம் வரை நின்று ஊற்றிக் கொடுத்தார். வயது 74. ஊருக்கெல்லாம் மோர் கொடுத்தவர் தான் ஒரு டம்ளர்கூடக் குடிக்கவில்லை. கேட்டதற்கு, "குடிச்சா ஒன்னுக்கு வருமேப்பா, இந்தக் கூட்டத்துல எங்கிட்டுப் போறது? தாகமும் இல்ல" என்றார்.

சாயங்காலம் பாயிலிருந்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிறுகிறுப்பு. வெயில்தான் என்று விட்டுவிட்டோம். ராத்திரி, "ஒங்கப்பா சாப்டாராடா?" என்று கேட்டார். அப்பா போய் ஆறு வருடமாகிறது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, 124 என்று வந்தது. 135க்குக் கீழே போகக்கூடாதாம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை அட்டைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ஓர் 'எச்'. பத்து வருடமாக நான்தான் வாங்கித் தருகிறேன், அதுவும் பெயரில் ஒரு பகுதி என்றே நினைத்திருந்தேன். ஹைட்ரோகுளோரோதையசைடு, அதாவது நீர் மாத்திரை. பிரஷர் மருந்தோடு சேர்ந்தே வருகிறது, உப்பையும் நீரையும் சிறுநீரில் தள்ளிவிடும். போதாக்குறைக்கு மூன்று மாதம் முன்பு சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் சேர்த்திருந்தார்கள். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியே இறக்கும், சர்க்கரை போகிற வழியில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். வயதானால் தாகமும் சரியாகத் தெரியாது, சிறுநீரகமும் முன்போல நீரைப் பிடித்து வைக்காது. அம்மா தாகமில்லை என்றது சாக்கு இல்லை.

சலைன் மெதுவாகத்தான் ஏற்றினார்கள். சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்தாம். மூன்றாம் நாள் காபியில் சீனி இல்லை என்று அம்மா சண்டை போட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. 'எச்' இல்லாத மாத்திரைக்கு மாற்றிவிட்டார்கள். வாந்தி பேதி என்று சாப்பாடு இறங்காத நாளில் டாபா மாத்திரையை நிறுத்திவிட்டு போன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

மேலூரிலிருந்து ஒருவர் எழுதிய பதில்: இதைப் படித்துவிட்டுப் பெரியவர்களுக்குச் சொம்பு சொம்பாகக் கொடுத்துவிடாதீர்கள். அப்பாவுக்கு இதயம் பலவீனம். நீர் மாத்திரை இரண்டு: ஃப்ரூசமைடு 40, கூடவே ஸ்பைரோனோலாக்டோன். நாளுக்கு ஒன்றரை லிட்டர்தான் என்று டாக்டர் அளவு வைத்திருக்கிறார். காபி, ரசம், மோர் எல்லாம் அதற்குள். தினமும் காலையில் எடை பார்க்கிறோம். சட்டென்று ஏறினால் உடம்பில் நீர் கோக்கிறது, இறங்கினால் வற்றுகிறது. பார்க்க வந்த சித்தப்பா பாசமாக ஆறு இளநீர் வாங்கி வந்தார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஸ்பைரோனோலாக்டோனோ அதை வெளியே போகவிடாது, ரத்தத்தில் கூடினால் இதயத்துக்கு ஆபத்து. ஆறையும் நாங்களே குடித்தோம். சித்தப்பாவுக்கு இன்னும் வருத்தம்தான்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து இன்னொருவர்: எங்கள் அப்பத்தா கதை வேறு. நீர் மாத்திரையைக் காலையில் போடச் சொல்லியிருந்தார்கள். அவர் நூறு நாள் வேலைக்குப் போகிறவர், கண்மாய்க் கரையில் பெண்கள் ஒதுங்க மறைவே கிடையாது. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டி வந்தது. அதற்குப் பயந்து பொழுது சாய்ந்ததும் தண்ணீரையே நிறுத்தினார். ஒரு நாள் தலை சுற்றி வாசற்படியில் விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. டாக்டர் திட்டுவார் என்று நினைத்தோம். அவர், "வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க, பாட்டி?" என்று கேட்டுவிட்டு, சீட்டில் மாலை 4 மணி என்று மாற்றி எழுதினார்.