ப்ளூஸ்கைக்கு வந்தாச்சு, ஆள் சேர்ப்பது எப்படி?

உரக்கடை (மூலைக்கரைப்பட்டி):
சாயங்காலம் கடையை மருமகனிடம் விட்டுவிட்டுக் கூந்தன்குளம் பக்கம் போய்ப் பறவை பார்க்கிற ஆள் நான். குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டியாச்சா, வரித்தலை வாத்து வந்தாச்சா என்று நாலு வரி எழுதி ட்விட்டரில் போடுவது பழக்கம். (எக்ஸ் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.) பறவைக்காரர்கள் சிலர் அதே மாதிரி இன்னொரு தளமான ப்ளூஸ்கைக்குக் கூப்பிட்டார்கள். கணக்கு தொடங்கி, முகப்பில் ஒரு நாரைப் படத்தையும் வைத்து, மணிமுத்தாறு தண்ணீர் குளத்துக்கு வந்துவிட்டது என்று முதல் பதிவும் போட்டேன். புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டு, யாராவது வருவார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

ஆள் சேர்ப்பது எப்படி? இன்னொன்று, இதையும் ஒருநாள் மூடிவிட்டால் எழுதினதெல்லாம் போச்சா? ஆர்க்குட் 2014-இல் போனது, கூகுள் பிளஸ் 2019-இல், நம்மூர் ‘கூ’ 2024-இல்.

பாளை கணினி:
அண்ணாச்சி, முதலில் நல்ல சேதி. ட்விட்டரில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். ‘மூலைக்கரைப்பட்டி’ என்று எழுதினால் 16 போய்விடும். ப்ளூஸ்கை நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தைத்தான் எண்ணும், அங்கே 9தான். அதனால் ஒரு பதிவுக்கு ட்விட்டரில் 280, ப்ளூஸ்கையில் 300, பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைக்காதீர்கள். தமிழில் எழுதுகிறவருக்கு நிறையவே இடம் கிடைக்கிறது.

2024 பிப்ரவரி வரை அழைப்பு இருந்தால்தான் உள்ளே விட்டார்கள், நம் ஆட்கள் மெல்லத்தான் வருகிறார்கள். ‘ஸ்டார்ட்டர் பேக்’ என்று ஒன்று உண்டு. ஒருவர் தொகுத்து வைத்த ஆட்களை ஒரே தட்டில் பின்தொடரலாம். பறவைக்காரர்களுடையது ஒன்றைப் பிடியுங்கள். சும்மா பின்தொடர்ந்தால் போதாது, அவர்கள் பதிவில் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

மூடிவிட்டால் என்ன என்று கேட்டீர்களே, ப்ளூஸ்கை அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போனால் பதிவுகளை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் படங்கள் அதில் வராது, அதைத் தனியாகச் சேமியுங்கள்.

அம்பை ஆத்தங்கரை:
நான் மாஸ்டடான் பக்கம், அண்ணாச்சி. அதுவும் ட்விட்டர் மாதிரித் தளம்தான், ஆனால் பலர் தனித்தனியாக நடத்துகிற சர்வர்கள் சேர்ந்தது. 2016-இல் தொடங்கியது. வழக்கமான அளவே 500 எழுத்து, பதிவைத் திருத்தவும் முடியும். ஹேஷ்டேகையே பின்தொடரலாம் என்பதால் ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தொடங்கும்போது எந்தச் சர்வரில் சேர்வது என்று கேட்கும், அங்கேதான் பாதிப்பேர் திரும்பிவிடுகிறார்கள். வேறு சர்வருக்குப் போனால் பின்தொடர்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். பழைய பதிவுகள் மட்டும் அங்கேயே கிடக்கும். படம் போட்டால் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி விளக்கம் சேருங்கள், பார்வையில்லாதவர்களுக்கு வாசித்துக் காட்டும்.

பொட்டல்காட்டான்:
என்ன வே, யாருக்காக எழுதுறீர்? குளத்துத் தண்ணீர் நிலவரம் நெல் போடுகிறவனுக்குத்தானே வேண்டும்? அவன் உம்ம கடை வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறான். ப்ளூஸ்கையில் போட்டால் பெர்லின்காரன் பார்த்து என்ன நாற்றா பாவப் போகிறான்?

உரக்கடை (மூலைக்கரைப்பட்டி):
பொட்டல், நீர் சொல்வது தண்ணீருக்குச் சரி. அது வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். ஆனால் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருகிறது வே, அதைப் பற்றி உரம் வாங்க வருகிறவரிடம் பேசினால் யூரியா வந்தாச்சா என்று கேட்கிறார். பறவையை ப்ளூஸ்கையில் போடுகிறேன். மாஸ்டடான் அப்புறம் பார்ப்போம், சர்வர் என்றதும் மருமகனே முழிக்கிறான். தம்பி பாளை, அந்த ஸ்டார்ட்டர் பேக் எங்கே இருக்கும்?

பாளை கணினி:
உங்களைக் கூப்பிட்ட பறவைக்காரர் யாருடைய முகப்புக்காவது போங்கள், அண்ணாச்சி. அவர் தொகுத்து வைத்திருந்தால் அங்கேயே தனிப் பகுதியாகத் தெரியும். இல்லாவிட்டால் அவரையே ஒன்று போடச் சொல்லுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்து.