விசுவாசிக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம்: நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

நெல்லைச் சகோதரன்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். போன ஞாயிறு எங்கள் சபையில் லூக்கா 10:19 வாசித்தார்கள். சர்ப்பங்களையும் தேள்களையும் மிதிக்க "அதிகாரங்கொடுக்கிறேன்" என்ற இடம் வந்ததும் பக்கத்தில் இருந்த என் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு ஒன்பது வயதிலிருந்து வலிப்பு. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்றரை. அந்த அரை மாத்திரையை அம்மா பாக்குவெட்டியில் வைத்து நறுக்குவார். தூள் சிந்தினால் விரலால் ஒற்றி எடுத்து அதையும் கொடுத்துவிடுவார். இரண்டு வருஷம் ஒன்றும் இல்லை. பிறகு பள்ளிக்கூடத்தில் ஒருநாள் மறுபடியும் விழுந்துவிட்டான்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தம்பியின் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிசாசைப் போகும்படி கட்டளையிட்டார். தெருவே வாசலில் நின்றது. பையன் பயத்தில் பாவாடைக்குள் ஒளிகிற சின்னப்பிள்ளை மாதிரி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். முடிந்ததும் அவர், "அதிகாரத்தைக் கையில் வச்சுக்கிட்டு மாத்திரையை நம்புறீங்களே" என்றார். அம்மா அன்று இரவே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

நாலாம் நாள் விடியற்காலையில் வந்த வலிப்பு நிற்கவே இல்லை. ஆட்டோவில் என் மடியில் அவன் தலை. பல் கிட்டித்து வாயோரம் ரத்தம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும், ஐந்து நிமிஷம் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னபோது அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊழியக்காரருக்குப் போன் பண்ணினோம். "உங்க வீட்டுல யாருக்கோ அவிசுவாசம் இருக்கு" என்றார். தம்பி மூன்று நாளில் கண்விழித்தான். அந்தச் சொல் அம்மாவை விட்டுப் போக வருஷக்கணக்கு ஆயிற்று.

அதை எடுத்துப்போட்டவர் என் பெரியம்மா. பைபிள் உமனாக, அதாவது வேதம் சொல்லிக்கொடுக்கும் ஊழியக்காரியாக, ஊர் ஊராக நடந்தே காலில் ஆணி விழுந்தவர். வார்டுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பியின் பாதத்தில் கையை வைத்து ஜெபித்தார். உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, "எய்யா, ராத்திரி மாத்திரை குடுத்தாச்சா?"

பிறகு மத்தேயு 17-ஐத் திறந்தார். அங்கேயும் ஒரு பையன். நம் பழைய மொழிபெயர்ப்பு அவனைச் சந்திரரோகி, அதாவது வலிப்புக்காரன், என்கிறது. அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழுகிறவன். சீஷர்களால் முடியவில்லை. ஏழு அதிகாரம் முன்னால், மத்தேயு 10-இல், அசுத்த ஆவிகளைத் துரத்தவும் வியாதிகளை நீக்கவும் அதிகாரம் வாங்கிக்கொண்டு போன அதே பன்னிரண்டு பேரின் கூட்டம்தான். "எங்களால ஏன் முடியலன்னு கேக்காங்க. உங்க அவிசுவாசத்தினாலதான்னு ஆண்டவர் சொல்லுதார். யாரைப் பாத்துச் சொல்லுதார்? ஜெபிக்கப் போனவங்களைப் பாத்துல்லா! தகப்பனையா சொன்னார்? மாற்குல பாரு, 'என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்'னு அந்த மனுஷன் அழுதுக்கிட்டே சொல்லுதான். அவன் புள்ளைக்குத்தான சுகம் கெடச்சுது?"

அம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார்.

அதற்குப் பிறகு நான் 'அதிகாரம்' என்ற இந்த வார்த்தையைத் தேடித் தேடி வாசித்தேன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாசும் இருந்தான். அவனுக்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. லூக்கா 10-இல், ஆண்டவர் அனுப்பிய எழுபது பேர் பிசாசுகளும் கீழ்ப்படிகிறது என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தபோது, அவர், அதற்காகச் சந்தோஷப்படாதீர்கள், உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருப்பதற்காகச் சந்தோஷப்படுங்கள் என்றார். அந்த 20-ஆம் வசனத்தை விட்டுவிட்டு 19-ஐ மட்டும் காலண்டரில் அச்சடிக்கிறோம். யோவான் 1:12-இலும் இதே அதிகாரம் வருகிறது. எதற்கு? தேவனுடைய பிள்ளைகளாகும்படி. மற்றதெல்லாம் இதற்குள்தான் அடக்கம் என்று நான் நம்புகிறேன். அப்பாவிடம் பேசுகிற பிள்ளை எதற்குக் கத்த வேண்டும்?

மார்த்தாண்டம் அக்கா:

தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்ய முடியவில்லை. என்னுடையது சின்ன விஷயம்.

கல்யாணமாகி வந்த புதிது. விடியற்காலம் முற்றம் பெருக்க வாசலைத் திறந்தால், நடையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம், நாலு மிளகாய். கையிலிருந்த ஈர்க்குமாறு கீழே விழுந்துவிட்டது. நானும் ஞாயிறுபள்ளியில் படித்தவள்தான், ஆனாலும் தொண்டை வறண்டுபோயிற்று. வயிற்றில் நாலு மாதம்.

மாமி வந்து பார்த்தார்கள். "இயேசுவே" என்று ஒரே சொல். குனிந்து வெறுங்கையால் எடுத்தார்கள், வேலியோரத்துக் குப்பைக்குழியில் போட்டார்கள், கையைக் கழுவினார்கள், சாயாவுக்கு அடுப்பு மூட்டினார்கள். யார் வைத்திருப்பார்கள் என்று நான் அடுத்த வீட்டைப் பார்த்தேன். மாமி அதற்கு மட்டும்தான் கோபப்பட்டார்கள். "அதை நினைக்காத மக்களே. அந்தப் பழம் உன்னை ஒண்ணும் செய்யாது. அவளை நீ சந்தேகப்பட்டா அது செய்யும்." அன்று சாயங்காலம் என் கையிலேயே அந்த வீட்டுக்கு மரச்சீனிக்கிழங்கு கொடுத்துவிட்டார்கள்.

அதிகாரம் என்றால் எனக்கு அந்த வெறுங்கைதான் கண்ணில் நிற்கிறது.

உடன்குடியிலிருந்து ஒருவன்:

அண்ணனுக்கும் எனக்கும் பதினோரு பனைக்காக ஆறு வருஷம் பேச்சு இல்லை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மத்தேயு 18:18-ஐச் சொல்லி, அண்ணன் வீட்டில் கிரியை செய்கிற ஆவியைக் கட்டுகிறேன் என்று ஜெபிப்பேன். "பூலோகத்திலே நீங்கள் எவைகளைக் கட்டுவீர்களோ" என்பது மனப்பாடம். ஒருநாள் மூன்று வசனம் மேலே கண் போயிற்று. சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தால் அவனிடத்தில் போ, நீயும் அவனும் தனியாக இருக்கும்போது பேசு. கட்டுவதும் அவிழ்ப்பதும் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் வருகிறது. சகோதரனை மறுபடியும் சேர்த்துக்கொள்ளச் சபைக்குக் கொடுத்த அதிகாரத்தை நான் அண்ணன் மேல் கயிறாக வீசிக்கொண்டிருந்தேன்.

போனேன். மதினிதான் கதவைத் திறந்தார். அண்ணன் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. "வந்தியா, உக்காரு" என்றார். பனை இன்னும் அவர் பக்கம்தான் இருக்கிறது. போன மாதம் அவர் பேத்தி ஞானஸ்நானத்துக்கு என்னைத்தான் ஜெபிக்கச் சொன்னார்.

மார்த்தாண்டம் அக்கா:

நெல்லைத் தம்பி, உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறான்? அதைச் சொல்லவில்லையே.

நெல்லைச் சகோதரன்:

நன்றாக இருக்கிறான் அக்கா. செல்போன் கடை வைத்திருக்கிறான். மாத்திரை நிற்கவில்லை. போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் ஒருமுறை வந்தது, இரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிட்டான். பெரியம்மா இல்லை. இப்போது இரவில் அவனே பாக்குவெட்டியை எடுத்து நறுக்கிக்கொள்கிறான். அவன் படுத்ததும் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் பாதத்தில் கையை வைக்கிறார். என்ன ஜெபிக்கிறார் என்று எங்களுக்குக் கேட்பதில்லை.