ஒன்பதரை மணி நேரம் படுத்தும் அலுப்பு, ராத்திரி முழுக்கக் கனவு

எட்டு மாதமாக எனக்கு இதே கதைதான். படுத்தால் கனவு, ஒன்று முடியுமுன் அடுத்தது. நேற்று ராத்திரி மட்டும் கேளுங்கள்: பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் இருப்பது வேறு பாடத்துக் கேள்வித்தாள். அங்கிருந்து தப்பித்து வந்தால் ரயில்வே பிளாட்பாரம், காலில் செருப்பில்லை. அப்புறம் என்றைக்கோ விட்டுவிட்டு வந்த பழைய ஆபீஸ், மேலதிகாரி கணக்குக் கேட்கிறார். அதற்கும் பதில் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்! நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த மாதிரி உடம்பெல்லாம் வலி. இத்தனைக்கும் ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறேன், ஏழு மணி வரை படுக்கையை விட்டு எழுவதில்லை. இந்தக் கனவுகளை நிறுத்த ஏதாவது வழி உண்டா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

*

தங்கச்சி, நாலு வருசத்துக்கு முன்னால இதே கேள்வியோடதான் நானும் டாக்டர் முன்னாடி உட்கார்ந்தேன். என் கனவுல எப்பவும் தண்ணி. கிணறு, ஆறு, ஒரு தடவை லிஃப்டுக்குள்ள கழுத்தளவு தண்ணி. மூச்சு முட்டும், வாரிச் சுருட்டிட்டு எழுந்திருப்பேன். மனசுல ஏதோ பயம் கிடக்குன்னு நினைச்சு ஆறு மாசம் தியானமெல்லாம் பண்ணிப் பார்த்தேன். டாக்டர் கனவைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. "குறட்டை உண்டா? பகல்ல உட்கார்ந்த இடத்துல கண் சொருகுதா?" அவ்வளவுதான். ரெண்டுக்கும் எனக்கு முந்தி எங்க வீட்டம்மா பதில் சொல்லிட்டாங்க.

ஸ்லீப் ஸ்டடிக்கு ஒரு ராத்திரி அங்கேயே படுக்கணும். தலையில பசை தடவி வயர் ஒட்டினாங்க. கண்ணோரம், தாடையில, காலுல எல்லாம் வயர். நெஞ்சுலயும் வயித்துலயும் பட்டை, விரல்ல கிளிப், மூக்குக்குக் கீழ மெல்லிசா ஒரு குழாய். இத்தனை கட்டுக்குள்ள எவன் தூங்குவான்னு முனகிட்டே படுத்தேன். பத்து நிமிசத்துல குறட்டை விட்டுட்டேனாம்.

மணிக்கு 34 தடவை மூச்சு நின்னோ குறைஞ்சோ போயிருக்கு. 30ஐத் தாண்டினாலே கடுமைன்னு கணக்கு. டாக்டர் ஒரு கோட்டுப்படம் காட்டினார், படிக்கட்டு மாதிரி இறங்கி ஏறுது. ஒழுங்கா தூங்குறவங்களுக்கு ஏறக்குறைய 90 நிமிசத்துக்கு ஒரு சுத்து. சுத்தோட கடைசியில ரெம் தூக்கம், மூடின இமைக்குள்ள கண்ணு துறுதுறுன்னு ஓடுற நேரம். தெளிவான கனவு பெரும்பாலும் அங்கதான். (இதை 1953ல சிகாகோ பல்கலைக்கழகத்துல அசரின்ஸ்கி, கிளைட்மேன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சு எழுதினாங்களாம். அதுவரைக்கும் தூங்குற மூளை சும்மா கிடக்குதுன்னுதான் பலரும் நினைச்சிருக்காங்க.) முதல் சுத்துல அது ஒரு பத்து நிமிசம் இருந்தா அதிகம், விடியக்காலையில அரைமணி கூடப் போகும். அந்த நேரத்துல உடம்புத் தசையெல்லாம் தொய்ஞ்சுடும், தொண்டையும்தான். ஏற்கெனவே அடைக்கிற தொண்டை அப்போ இன்னும் அடைக்கும். மூளை பதறி முழிக்கும், முழிக்கிற நேரத்துல ஓடிட்டிருந்த கனவு அப்படியே ஒட்டிக்கும். என் கோட்டுப்படத்துல படிக்கட்டே இல்லை, ரம்பத்துப் பல்லு மாதிரி இருந்தது.

"கனவு எல்லாருக்கும் தினம் நாலஞ்சு தடவை வருது. உங்களுக்குக் கனவு ஜாஸ்தி இல்ல சார், முழிப்பு ஜாஸ்தி" அப்படின்னார்.

சிபேப் மெஷின் வந்தது, மாஸ்க் வழியா காத்தை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைக்காம வச்சிருக்குற மெஷின். முதல் மூணு ராத்திரி ஐயோ, கனவு முன்னைவிட நாலு மடங்கு! பயந்து போன் போட்டேன். இத்தனை நாள் பட்டினி கிடந்த ரெம் தூக்கம் கடனை வசூல் பண்ணுது, பொறுங்கன்னாங்க. ரெண்டாவது வாரத்துலேர்ந்து தண்ணி வரலை. மாஸ்க் மூக்குமேல பள்ளம் போடுறது வேற கதை. கனவை எப்படி நிறுத்துறதுன்னு பார்க்காதீங்க தங்கச்சி, ராத்திரியில உங்களை எது எழுப்புதுன்னு பாருங்க.

*

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தினமும் மூன்று கனவு. பகலில் குதிரை மாதிரி வேலை செய்கிறேன். அலுப்பு இல்லையென்றால் கனவு வந்துவிட்டுப் போகட்டுமே, அதற்கு ஏன் வைத்தியம்? எல்லாவற்றையும் நோயாக்கிவிடாதீர்கள்.

*

அண்ணன் சொன்ன கேள்வியையே பிடித்துக்கொள்கிறேன். என்னை எழுப்பியது மாத்திரை. ஒற்றைத் தலைவலிக்காக ப்ராப்ரனோலால் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் தொடங்கியது, இறந்துபோனவர்கள் எல்லாம் வரிசையாக வந்து குசலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். சகுனம் என்று நினைத்துக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. வேறு எதற்கோ டாக்டரிடம் போன இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னதும், "இதை ஏம்மா முதலிலேயே சொல்லவில்லை?" என்று மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மூதாதையர்கள் விடைபெற்றுவிட்டார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள், ஆஸ்துமா, அலர்ஜிக்குத் தரும் மான்டெலூகாஸ்ட், இவற்றிலும் இப்படி வருவதுண்டாம். ஒன்று மட்டும்: கனவு வருகிறதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ப்ராப்ரனோலாலைச் சட்டென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றைத் திடீரென விட்டாலே கனவு வெள்ளமாக வரும்.

*

என்னுடையது நானே இழுத்து வைத்துக்கொண்ட வினை. கனவுகளை எழுதிவைத்தால் மனம் லேசாகும் என்று எங்கேயோ படித்துவிட்டு, தலையணைக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவும். முதல் வாரம் அரைப் பக்கம். ஒரு மாதத்தில் ராத்திரிக்கு நாலு பக்கம்! "எழுதணும்" என்ற நினைப்பிலேயே தூங்கினால், கனவு முடிந்ததும் மூளை தானாகத் தட்டி எழுப்பிவிடுகிறது. கையெழுத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும், பாதி வரி தாளை விட்டு வெளியே போயிருக்கும். ஒரு பக்கத்தில் வெறும் "ஏணி. ஏணி. மாமா இல்லை" என்று இருக்கிறது.

அதோடு அலாரம் வேறு. ஐந்துக்கு வைப்பேன், ஆறு வரை ஸ்னூஸ். ரெம் தூக்கம் அதிகமாக இருக்கும் அந்தக் கடைசி மணி நேரத்தைத்தான் துண்டு துண்டாக நறுக்கியிருக்கிறேன், ஒவ்வொரு துண்டிலும் ஒரு கனவு. நோட்டைத் தூக்கி அலமாரியில் போட்டேன், அலாரத்தை ஆறுக்கே வைத்தேன். பாதித் தொல்லை போனது. மீதிப் பாதி ஸ்மார்ட்வாட்ச். காலையில் "ரெம் 2 மணி 40 நிமிடம்" என்று காட்டும், ஐயையோ என்று நாள் முழுக்க அதே கவலை. அண்ணன் தலையில் ஒட்டியது போல மூளை அலையை அது பார்ப்பதில்லை, அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்வதுதான். ராத்திரியில் கழற்றி வைத்துவிடுகிறேன்.

*

தம்பி கனவை எழுதிக் கெட்டார், நான் எழுதித்தான் பிழைத்தேன். ஆனால் நான் எழுதியது பகலில்.

விபத்துக்குப் பிறகு ஒன்றரை வருடம் ஒரே கனவு. எதிரே லாரி, இரண்டு வெளிச்சம், பிரேக் பிடிக்கிறேன், கால் பெடலுக்கு எட்டவில்லை. அலறிக்கொண்டு எழுவேன். பிறகு தூங்கவே பயம், அதனால் படுக்கப் போவதையே தள்ளிப்போடுவேன். மனநல ஆலோசகர் ஒரு பயிற்சி சொன்னார். அந்தக் கனவை விழித்திருக்கும்போது எழுத வேண்டும், பிடித்த இடத்தில் கதையை மாற்ற வேண்டும். மாற்றிய கதையைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் கண்ணை மூடி மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு நம்பிக்கையே இல்லை. சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. வெளிச்சம் இரண்டும் பிரிந்து இரண்டு சைக்கிளாகி, என்னைக் கடந்து இரு பக்கமும் போவதாக மாற்றினேன். மூன்றாவது வாரம் கனவில் லாரி வந்தது, நின்றது. மணி அடித்தது, சைக்கிள் மணி. அன்றைக்கு அலறவில்லை, அழுதேன்.

இதற்கு முறையான ஆய்வுகள் உண்டு என்று பிறகு தெரிந்தது, 2001இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது முக்கியமானதாம். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் கனவென்றால் துணைக்கு ஆள் இல்லாமல் தனியாக இறங்காதீர்கள்.

*

என் கணவருக்குக் கனவு வந்தால் அடி எனக்கு. தூக்கத்தில் காலை உதைப்பார், ஒரு தடவை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து நெற்றியில் தையல். நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். வயது ஐம்பதுக்கு மேல் என்றால் இதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள், நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். கனவில் தளர வேண்டிய தசை தளராமல் போவது சிலருக்குப் பார்க்கின்சன் வருவதற்குப் பல வருடம் முந்தைய அடையாளமாம். இப்போதைக்குக் கட்டிலைத் தூக்கிவிட்டுத் தரையில் மெத்தை.

*

கேள்வி கேட்டவள் நான்தான், ஆறு வாரம் கழித்து வருகிறேன்.

அண்ணா, எனக்குக் குறட்டை இல்லை, மாத்திரையும் இல்லை. டாக்டர் என் படுக்கை நேரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஏழு மணி நேரத் தூக்கத்தை ஒன்பதரை மணி நேரத்தில் இழுத்துப் பரப்பி வைத்திருக்கிறேனாம், அதனால் எங்கே பார்த்தாலும் கிழிசல். அலுப்பாக இருக்கிறதே என்று சீக்கிரம் படுத்தேன், சீக்கிரம் படுத்ததால் கோழித்தூக்கம், அதனால் கனவு, கனவால் அலுப்பு. இரவு பதினொன்றரைக்கு முன் படுக்கக் கூடாது, ஆறு மணிக்கு எழுந்தே ஆக வேண்டும், பகல் தூக்கம் கிடையாது, மதியத்துக்கு மேல் காபி கிடையாது என்றார். தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையை விட்டு எழுந்து போய் உட்கார வேண்டும். (வலிப்பு உள்ளவர்களுக்கும் வண்டி ஓட்டும் வேலையில் இருப்பவர்களுக்கும் இது ஆகாது என்றும் சொன்னார்.)

முதல் வாரம் நரகம். பத்து மணிக்கே கண் கட்டும், நின்றுகொண்டே துணி மடித்தேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, படுத்தது ஞாபகம், அடுத்து அலாரம். நடுவில் ஒன்றுமே இல்லை. எதையோ தொலைத்துவிட்ட மாதிரி ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் வாரத்துக்கு ஒன்றிரண்டு வருகிறது. இன்று காலையில் ஒன்று இருந்தது, மாடிப்படி, யாரோ மேலேயிருந்து கூப்பிட்டார்கள். பல் விளக்கும்வரை இருந்தது, இதை எழுத உட்கார்ந்தபோது கூப்பிட்டது யார் என்பது போய்விட்டது.