கிறிஸ்தவ நாவல்களில் மன்னிப்பு ரொம்ப மலிவாகக் கிடைக்கிறதா?

தாமரைக்குளம்:
'த ஷாக்' (The Shack, அதாவது 'குடிசை') படித்து முடித்தேன். வில்லியம் பால் யங் எழுதி 2007-ல் வந்து, ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்ற நாவல். கதை தெரியாதவர்களுக்காக: குடும்பத்தோடு முகாமுக்குப் போன இடத்தில் மேக் என்பவரின் சின்ன மகள் மிஸ்ஸியை ஒருவன் கடத்திக் கொன்றுவிடுகிறான். சில வருடம் கழித்து, அவளுடைய இரத்தம் படிந்த உடை கிடைத்த அதே குடிசைக்கு வரச்சொல்லி மேக்குக்கு ஒரு கடிதம். போனால் அங்கே கடவுளே இருக்கிறார், கருப்பினப் பெண்மணியாக, அடுப்படியில் சமைத்துக்கொண்டு. ஒரு வார இறுதி முழுக்க அழுகையும் பேச்சும். அப்புறம் மேக் கொலைகாரனை மன்னித்துவிட்டு வீடு திரும்புகிறார்.

படிக்கும்போது எனக்கும் கண் கலங்கியது. ஆனால் மிஸ்ஸி அருவிக்கு அந்தப் பக்கம் சந்தோஷமாக விளையாடுவதை அப்பனுக்கு நேரில் காட்டிவிடுகிறார்களே! அதைப் பார்த்த பிறகு யார்தான் மன்னிக்க மாட்டார்கள்? பிள்ளையைப் பறிகொடுத்த நிஜ அப்பா அம்மாவுக்கு யார் அப்படிக் காட்டப்போகிறார்கள்? மெரிலின் ராபின்சனின் 'ஹோம்' (2008) இதற்கு நேர் எதிர். அதில் மன்னிக்கத் துடிக்கிற ஒரு வயதான போதகரே கடைசியில் முடியாமல் தோற்றுப்போகிறார். என் ஓட்டு அதற்குத்தான்.

எபி_நெல்லை:
பிரதர், "மன்னித்துவிட்டு வீடு திரும்புகிறார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மேக் வாய்விட்டு மன்னிக்கிறேன் என்று சொன்ன பிறகும் கோபம் அப்படியே இருக்கிறது. நாளைக்கும் சொல்லவேண்டி வரும், அதற்கு மறுநாளும் சொல்லவேண்டி வரும் என்றுதான் அவருக்குச் சொல்லப்படுகிறது. மன்னிப்பு என்றால் மறதி இல்லை, அவன் குரல்வளையிலிருந்து உன் கையை எடுப்பது மட்டும்தான் என்பதும் அந்த நாவலில் உண்டு.

இன்னொன்று. யங் மிஷனரிப் பெற்றோரோடு நியூ கினியில் வளர்ந்தவர். சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். இந்தக் கதையை முதலில் எழுதியது தன் ஆறு பிள்ளைகளுக்காக. பதிப்பகங்கள் கைவிரித்ததால் நண்பர்கள் சேர்ந்து தாங்களே வெளியிட்டார்கள். மலிவு என்ற சொல் இங்கே கொஞ்சம் உறுத்துகிறது.

செவ்வந்தி:
எழுதியவர் பட்ட பாட்டை நான் குறைசொல்ல வரவில்லை. இந்தப் புத்தகங்கள் போய்ச் சேருகிற இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் என் பிரச்சினை. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி குடிகாரக் கணவனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். வீட்டு ஜெபக்கூட்டத்தில் பெரியவர்கள் அவளை எழுந்து நிற்கவைத்து, "மன்னித்தேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தார்கள். அவனை யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. காபி கொடுத்தார்கள்.

மத்தேயு 18-ல், எத்தனை தரம் மன்னிப்பது என்ற கேள்விக்கு இயேசு சொன்ன 'ஏழெழுபதுதரம்' வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தில் அதற்கு முன்னாலேயே, உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் அதை அவனுக்கு உணர்த்து, கேட்காவிட்டால் சாட்சிகளோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று இருக்கிறது. அந்தப் பகுதியை வைத்து யாராவது குடும்ப நாவல் எழுதியிருந்தால் சொல்லுங்கள், வாங்கிப் படிக்கிறேன்.

எபி_நெல்லை:
சிஸ்டர், அந்தக் கூட்டத்தில் நடந்தது அநியாயம். ஆனால் நீங்கள் கேட்பது 'த ஷாக்'கிலேயே இருக்கிறது. மன்னித்தாலும் அவனோடு உறவு வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் மேக்குக்கு இல்லை. செய்ததை ஒத்துக்கொண்டு அவன் மாறினால்தான் உறவுக்கே இடம். அதோடு, மேக் போலீஸைக் கூட்டிப்போய்ப் பிணம் இருந்த குகையைக் காட்டுகிறார். அங்கே கிடைத்த தடயங்களை வைத்துத்தான் கொலைகாரன் பிடிபடுகிறான். மன்னிப்பும் கைதும் ஒரே கதையில். உங்கள் உறவுக்காரப் பெண்ணைப் பலிகொடுக்க இந்தப் புத்தகத்தைக் காட்டினால், அவர்கள் அதைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

செவ்வந்தி:
படிக்கவில்லைதான். பிரசங்கத்தில் கேட்டது. பிரசங்கத்தில் குகையும் வருவதில்லை, போலீஸும் வருவதில்லை.

கரிசல்:
நான் சர்ச்சுக்குப் போகிறவன் இல்லை, ராபின்சனைப் படிப்பவன். 'ஹோம்' பற்றித் தாமரைக்குளம் சொன்னதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது.

கதை 1956-ல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிலியட் என்ற கற்பனைச் சிற்றூரில் நடக்கிறது. போதகர் பௌட்டனின் ஊதாரி மகன் ஜாக் இருபது வருடம் கழித்து வீட்டுக்கு வருகிறான். இளவயதில் ஓர் ஏழைப் பெண்ணைத் தாயாக்கிவிட்டுக் கைகழுவியவன். அந்தக் குழந்தை செத்துப்போயிற்று. பெற்ற தாயின் அடக்கத்துக்குக்கூட வராதவன். லூக்கா 15-ன் கெட்ட குமாரன் கதைதான், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வருகிற இளைய மகனை அப்பா ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற இடம்வரை. ஆனால் இந்த ஜாக்குக்குச் செயின்ட் லூயிஸில் ஒரு கருப்பின மனைவியும் மகனும் இருக்கிறார்கள். அந்த ஊர் இருக்கிற மிசௌரி மாநிலத்தில் வெள்ளையரும் கருப்பரும் செய்துகொள்ளும் திருமணம் சட்டப்படி செல்லாது. 1967-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை அதுதான் நிலைமை. அயோவாவிலோ 1851-லேயே அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். இங்கே வந்து குடும்பமாக வாழ முடியுமா என்று பார்க்கத்தான் அவன் வந்திருக்கிறான்.

டிவியில் மாண்ட்கமரி நகரத்தில் கருப்பின மக்கள் உரிமை கேட்டு நடத்தும் போராட்டச் செய்தி ஓடுகிறது. அவர்கள் அடி வாங்குவதைப் பார்த்து ஜாக் பதறுகிறான். அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? ஆறு மாதத்தில் யாருக்கும் இதெல்லாம் ஞாபகம் இருக்காது என்கிறார். அந்த இடத்தில் மகனின் வாய் அடைத்துப்போகிறது. தன் மனைவியைப் பற்றி அவரிடம் சொல்லாமலே போய்விடுகிறான். மகன் செய்ததையெல்லாம் மன்னிக்கிறேன் என்று நிற்கிற அப்பாவுக்கு, தன்னை யாராவது மன்னிக்கவேண்டியிருக்கும் என்றே தோன்றவில்லை. 'த ஷாக்'கில் இந்தக் கேள்வி எங்கே?

எபி_நெல்லை:
இருக்கிறது. மேக்கின் அப்பா சபை மூப்பர், வீட்டில் குடிகாரர். பதின்மூன்று வயது மகனை மரத்தில் கட்டி, பெல்ட்டால் அடித்து, அதோடு வேத வசனமும் சொன்னவர். அந்தப் பையன் வீட்டைவிட்டு ஓடுவதற்கு முன்னால் அப்பாவின் சாராயப் புட்டிகளில் விஷம் கலந்துவிட்டுப் போகிறான். மேக்கும் மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கொலைகாரனை விடுங்கள், கேட்டைப் பாருங்கள். மேக்கின் மூத்த மகள். படகில் எழுந்து நின்று துடுப்பை ஆட்டியவள் அவள். படகு கவிழ, கூடப்பிறந்தவன் தண்ணீரில் மாட்டிக்கொள்ள, அப்பா அவனைக் காப்பாற்ற ஓட, கரையில் மேசைமேல் படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த மிஸ்ஸி தனியாகிவிடுகிறாள். அந்த நேரத்தில்தான் அவளைத் தூக்கிவிடுகிறான். அன்றிலிருந்து கேட் வீட்டில் யாரோடும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா குடிசையிலிருந்து கொண்டுவருகிற முதல் செய்தி அவளுக்குத்தான்: உன்மேல் தப்பில்லை. பிள்ளையை இழந்த குடும்பங்களில் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆளில்லாமல் ஆயுசு முழுக்கக் கருகுகிற அக்காமார்கள் எத்தனை பேர்!

தாமரைக்குளம்:
கேட் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன், அதனால்தான் எரிச்சலும் வருகிறது. புத்தகத்தின் கனமான இடம் அது. அதற்குக் கிடைத்தது கடைசியில் சில பக்கங்கள். அப்பா சொல்கிறார், மகள் அழுகிறாள், சரியாகிவிடுகிறது. கடவுளோடு நடக்கிற இறையியல் பேச்சுக்கு எத்தனை அத்தியாயம் என்று பாருங்கள்.

'ஹோம்' இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஜாக்கின் தங்கை குளோரிக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்வதாகச் சொன்னவன் ஏற்கெனவே கல்யாணமானவன். அவளிடம் பணத்தையும் கறந்திருக்கிறான். அந்தக் காயத்தோடு வந்து அப்பாவையும் அண்ணனையும் பார்த்துக்கொள்கிறாள். ஜாக் குடித்துவிட்டுச் சாகப்பார்த்த நாளில் அவனைக் குளிப்பாட்டி, அழுக்குச் சட்டையை அலசி, கோழி சமைக்கிறாள். வீட்டில் ஏதாவது நடக்கக்கூடாதது நடந்தால் அவர்கள் அம்மா நல்ல சமையல் வாசனையால் வீட்டை நிரப்புவாளாம். யாரும் 'மன்னித்தேன்' என்று சொல்வதில்லை. அடுப்பு எரிகிறது, அவ்வளவுதான்.

செவ்வந்தி:
அந்த வீட்டிலும் அடுப்பைப் பற்றவைப்பது பெண்தானே. ஜாக் கிளம்பிவிடுகிறான். குளோரிதான் அந்த வீட்டோடு கிடக்கப்போகிறாள். லூக்கா 15-ல் வீட்டோடு இருந்த மூத்த மகனாவது, தம்பிக்கு விருந்து வைத்ததற்குக் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான், அப்பாவே வந்து கெஞ்சுகிறார். குளோரிக்காக வெளியே வந்தது யார்?

கரிசல்:
யாரும் இல்லை. ராபின்சனுக்கு அது தெரிந்தே இருக்கிறது என்பது என் வாசிப்பு. ஜாக் போன பிறகு அவனுடைய மனைவி மகனோடு அவனைத் தேடி வருகிறாள். அப்போது வாசலுக்கு வருவது குளோரிதான், அப்பா இல்லை.

எபி_நெல்லை:
செவ்வந்தி சிஸ்டர், ஒன்று கேட்கிறேன். உங்கள் உறவுக்காரப் பெண்ணுக்கு இந்த இரண்டில் எதைக் கொடுப்பீர்கள்?

செவ்வந்தி:
இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அவள் பிள்ளைகளோடு அம்மா வீட்டில் இருக்கிறாள், தையல் வேலை போய்க்கொண்டிருக்கிறது. கொடுப்பதாக இருந்தால் 'த ஷாக்'கை அவளை எழுப்பி நிறுத்திய பெரியவருக்குக் கொடுப்பேன், குகை வருகிற பக்கத்தை மடித்து.