போகிமான் கோல்டு: சேமித்த ஆட்டம் அழிந்துபோகிறது

கேம்பாய் கலர் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் போகிமான் கோல்டு ஆட்டம். ஆட்டத்தைச் சேமித்து அணைத்தால், மறுபடி போடும்போது புதிய ஆட்டம்தான் வருகிறது; கடிகாரமும் நின்றுவிட்டது. போன மாதம் தொடங்கிய தொல்லை. புல்பசார் முதல் 251ஆவது செலபி வரை போகிமான்களின் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பித்த காலத்து ஆட்டக் கார்ட்ரிட்ஜ் இது. (அன்று வாய்ப்பாடு கேட்டால் மட்டும் வாய் திறக்காது.)

முனைகளைத் துடைத்தாயிற்று, வேறு கேம்பாயிலும் போட்டுப் பார்த்தாயிற்று. 3.8 மி.மீ. திருப்புளியால் திறந்தேன். சேமிப்பையும் கடிகாரத்தையும் தாங்கும் சிஆர்2025 பொத்தான் பேட்டரி பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. 3 வோல்ட் காட்ட வேண்டியது 1 வோல்ட்கூடக் காட்டவில்லை. ரிச்சி தெருவில் ஒரு கடையில் "இது பொம்மை, சார்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய சேமிப்பு போனது போகட்டும்.

தகட்டுக்கால் வைத்த சிஆர்2025 பேட்டரியைப் பலகை கெடாமல் பற்றவைத்துத் தருபவர் சென்னையில் யார்?