மாசச் சம்பளம் இல்லாத வீட்டில் முதலீட்டுத் திட்டம்: உங்க அனுபவம் என்ன?

மல்பெரித் தோட்டம், பாலக்கோடு:

எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மல்பெரி. வருசத்துக்கு ஆறு தடவை பட்டுப்புழு வளர்ப்போம். தர்மபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போனால்தான் காசு.

2017-ல் மகளுக்கு மூணு வயசு. அவள் காலேஜ் படிப்புக்குன்னு மாசம் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி. ஆரம்பிச்சோம், அதாவது பேங்க் கணக்கிலிருந்து மாசாமாசம் தானாக மியூச்சுவல் ஃபண்டுக்குப் போகிற தவணை. 7-ஆம் தேதி பிடித்தம். கணக்கில் பணம் இல்லாமல் நாலு மாசத்தில் ரெண்டு தவணை திரும்பிடுச்சு. நாலாவது தோலுரிப்பு முடிஞ்ச புழு ராத்திரி பகல் பார்க்காமல் இலை தின்னும். கொட்டகைக்குள்ள போனால் தகரத்தில் மழை விழுகிற மாதிரி சத்தம் கேட்கும். அந்த வாரம் கணக்கில் இருக்கிறதெல்லாம் இலை வெட்டுற ஆள் கூலிக்கே போயிடும். பேங்க் ஒவ்வொரு தடவையும் 590 ரூபாய் அபராதம் பிடிச்சது. "நமக்கு இதெல்லாம் ஒத்து வராது, விட்டுடு"ன்னார் வீட்டுக்காரர்.

எனக்கு மனசு கேட்கலை. பழைய பாஸ்புக்கை எடுத்து, ரெண்டு வருசத்தில் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எப்போ கை காலியாச்சுன்னு ஒரு நோட்டில் எழுதினேன். எழுதி முடிச்சப்போ தப்பு எங்கேன்னு புரிஞ்சுது. மாசச் சம்பளக்காரங்க திட்டத்தை அப்படியே நாங்க எடுத்துப் போட்டிருக்கோம். இப்போ ஏலக் காசு வந்ததும் அடுத்த வளர்ப்புக்கான சாக்கிப் புழு (இளம் புழு), உரம், கூலிக்கு எடுத்து வெச்சிட்டு, 6,000 ரூபாயை லிக்விட் ஃபண்டில் போட்டுடுறோம், அது ஏற்ற இறக்கம் ரொம்பக் குறைவான ஃபண்ட். அங்கிருந்து மாசம் 3,000 ரூபாய் தானாக இண்டெக்ஸ் ஃபண்டுக்கு, அதாவது பங்குச்சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றுகிற ஃபண்டுக்கு மாறும், இதை எஸ்.டி.பி.ன்னு சொல்றாங்க. ஆறு வளர்ப்புக்கு 36,000, பன்னிரண்டு மாசத்துக்கும் அதே 36,000. பேங்க் கணக்கு காலியாக இருந்தாலும் இனி எந்தத் தவணையும் திரும்பாது.

அதுக்கும் முன்னாடி, ரெண்டு வளர்ப்புச் செலவுக்கான பணத்தை டெபாசிட்டாகத் தனியாகப் போட்டோம். பால்புழு நோய் வந்தால் ஒரு கொட்டகையே போயிடும். புழு உப்பி, தோல் மினுமினுத்து, தொட்டால் பால் மாதிரி வடியும். அதைப் பார்த்தவங்களுக்கு இந்த டெபாசிட் எதுக்குன்னு விளக்கவே வேண்டாம்.

2020 மார்ச்சில் இது எங்களைக் காப்பாத்துச்சு. ஜனவரியில் 12,400 புள்ளியைத் தொட்ட நிஃப்டி பங்குச்சந்தைக் குறியீடு, மார்ச் 23-ஆம் தேதி 7,610-க்கு இறங்குச்சு. ஊரடங்கு வேற, கூட்டை எங்கே கொண்டுபோய் விக்கிறதுன்னே தெரியலை. எல்லாத்தையும் எடுத்துடலாம்னு கை துறுதுறுத்தது. நோட்டைத் திறந்தால் "2032, காலேஜ்" னு என் கையெழுத்தில் இருந்தது. டெபாசிட்டை உடைச்சுச் சாப்பிட்டோம், ஃபண்டைத் தொடவில்லை.

வருசா வருசம் ஆடிப்பெருக்கு அன்னைக்குச் சாயங்காலம் நோட்டோடு உட்காருவோம். மகள் பேரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கும் வெச்சிருக்கோம். அப்படி ஒரு வருசம்தான் அதைப் பத்தி நாங்க நினைச்சிருந்தது தப்புன்னு தெரிஞ்சுது. மகளுக்கு 21 வயசில் முதிரும்னு நினைச்சிருந்தோம். உண்மையில் கணக்கு தொடங்கி 21 வருசம். நாங்க 2017-ல் தொடங்கினதால் 2038-ல் முதிரும், அப்போ அவளுக்கு 24 வயசு! 18 வயசு ஆனதும் படிப்புக்குப் பாதி வரைக்கும் எடுக்கலாம், மீதி அவள் கல்யாணத்துக்கோ தொழிலுக்கோன்னு மாத்தி எழுதினோம். 2029-லிருந்து இண்டெக்ஸ் ஃபண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டெபாசிட்டுக்கு மாத்துறதாகவும் எழுதியாச்சு. பீஸ் கட்டுற வருசத்தில் சந்தை விழுந்தால் காத்திருக்க நேரம் இருக்காது.

மாந்தோப்பு, காவேரிப்பட்டணம்:

அக்கா, உங்களுக்கு ஆறு தடவை, எங்களுக்கு வருசத்துக்கு ஒரே தடவை. தோத்தாபுரி காய் கூழ் ஆலைக்குப் போய், காசு கைக்கு வர ஜூலை கடைசி ஆயிடும். அப்பா காலத்திலிருந்து அதை வீட்டில் வெச்சிருந்தே கரைப்போம். இப்போ பி.பி.எஃப்-இல் (அரசு நீண்டகால சேமிப்புத் திட்டம்) ஒரே தவணையாகக் கட்டுறேன். வருசத்துக்கு ஒன்றரை லட்சம் வரை கட்டலாம், மாசாமாசம் கட்டணும்னு இல்லை. மூணு வருசம் கழிச்சுத்தான் ஒரு விசயம் தெரிஞ்சுது: 5-ஆம் தேதிக்கும் மாசக் கடைசிக்கும் நடுவில் இருக்கிற குறைஞ்ச இருப்புக்குத்தான் அந்த மாச வட்டி. நான் ஆகஸ்ட் 8, 10-ன்னு கட்டி வருசத்துக்கு ஒரு மாச வட்டியை விட்டிருக்கேன். ஒரு லட்சத்துக்கு 7.1 சதவீதம்னா மாசம் கிட்டத்தட்ட 590 ரூபாய். உங்க அபராதத் தொகையேதான்!

ஓசூர் ஷிப்ட் தொழிலாளி:

சொந்த ஊர் போச்சம்பள்ளி. எனக்கு மாசச் சம்பளம்தான், ஆனாலும் அடி வாங்கினேன். தெரிஞ்சவர் ஒருத்தர் "டெபாசிட் மாதிரிதான்"னு சொல்லி வருசம் 40,000 ரூபாய் கட்டுற இன்சூரன்ஸ் பாலிசி எடுக்க வெச்சார். மூணாவது வருசம் அப்பாவுக்கு ஆபரேஷன். பாலிசியை நடுவிலேயே முடிச்சு (சரண்டர்) காசு வாங்கப் போனால் கட்டினதில் பாதிகூட வரலை. இப்போ உயிர்க் காப்புக்கு மட்டுமான டேர்ம் இன்சூரன்ஸ் தனி, முதலீடு தனி. சம்பளம் ஏறுற மாசமே எஸ்.ஐ.பி.யையும் ஏத்திடுறேன்.

அக்கா, ஒரு வளர்ப்பு முழுசாகப் போனால் அந்த 6,000-க்கு என்ன பண்ணுவீங்க?

மல்பெரித் தோட்டம், பாலக்கோடு:

2022-ல் அப்படி ஆச்சு தம்பி. போடலை. லிக்விட் ஃபண்டில் முன்னாடி மிச்சம் கொஞ்சம் இருந்தது, ரெண்டு மாசம் அதிலிருந்தே மாறிக்கிட்டு இருந்தது. அடுத்த வளர்ப்பில் ரெட்டிப்பாகப் போடணும்னு வீம்பு பிடிக்கலை, உடைச்ச டெபாசிட்டைத்தான் முதலில் நிரப்பினோம். நோட்டில் அந்த வரியில் "இல்லை"ன்னு எழுதியிருக்கேன், இன்னைக்கும் அப்படியே இருக்கு.